வெள்ளை வயிற்று நீலக்குருவி

பறவை பார்க்க வந்து, சாந்தன்பாறைக்கு மேலே, சோலையோரத்து டீக்கடையில் நிற்கிறேன். ஏலச்செடிகளின் அடியில் ஒரு நீலக்குருவி ஈரச் சருகைக் கிளறுகிறது. அதன் வயிறு வெள்ளை.

"கல்யாணமாகி வந்த புதுசுல, இதுக்குச் சீக்குன்னு நெனச்சேன் சார்" என்கிறார் டீ ஆற்றும் முத்துலட்சுமி. அவர் பிறந்தது குன்னூரில். அங்கே நீலக்குருவிக்கு விலா செங்கல் நிறம்.

இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றுதான். இந்த மலைக்கும் குன்னூர் மலைக்கும் நடுவிலிருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வெயிலைத் தாண்ட முடியாமல் பிரிந்து, மரபணுவும் நிறமும் மாறி, இப்போது இரண்டு இனம் என்று விளக்குகிறேன். கொஞ்சம் நீளமாகவே.

முத்துலட்சுமி டம்ளரை நீட்டுகிறார். "எம் மகள அஞ்சு வயசுல குன்னூருக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கத்தக் குருவியப் பாத்துட்டு, 'அம்மா, இது சேத்துல பொரண்டிருச்சு, கழுவி விடு'ன்னு ஒரே அழுகை."

நான் சிரிக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்ப குன்னூருல இருக்குற எங்கண்ணன் மகனுக்கு அவளக் கேக்குறாங்க. 'அது உன் ஊரு, எனக்கு எதுக்கு'ங்குறா."

குருவி செடிகளுக்குள் போய்விட்டது. அது போன பக்கமே பார்த்துக்கொண்டு சொல்கிறார்:

"அந்த வெயில நான் பஸ்ஸுல தாண்டி வந்துட்டேன் சார். அவ தாண்ட மாட்டா போலிருக்கு."