சித்தி தன் கையால் செய்த பீட்சா

உருகாத சீஸ் எப்படி மணக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு யோசிக்காமல் சொல்லத் தெரியும்: புளித்த பாலும் குளிர்ந்த இரும்பும் கலந்த மணம் அது. ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், ரொம்மனில் இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் கதவு பின்னேரங்களில் திறக்கும்போது முதலில் உள்ளே வருவது அந்த மணம்தான். அதற்குப் பின்னால்தான், கோட்டைக் கழற்றிக்கொண்டு, வதனி சித்தி வருவார்.

சித்தி அம்மாவின் தங்கை. கலியாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். நகரத்துக்கு வெளியே உறையவைத்த பீட்சா செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே சீஸ் தூவுவதற்கென்று பெரிய மெஷின் ஒன்று இருந்தது, ஆனால் அது ஒழுங்காகத் தூவாது. பெல்ட்டில் வரிசையாக ஓடி வரும் பீட்சாக்களில் அது விட்டுவிட்ட 'மொட்டை' இடங்களைத் தேடிப் பிடித்துச் சீஸ் போடுவதுதான் சித்தியின் உத்தியோகம். "மெஷினுக்குக் கண் இல்லாதபடியால்தான் எனக்குச் சம்பளம்" என்பார். கோணலாகிப்போன பீட்சாக்களை வேலைக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதால் எங்கள் குளிர்பெட்டி முழுக்க 'வளைஞ்சது'கள் அடுக்கியிருக்கும். அம்மா அவற்றின் மேல் பச்சைமிளகாயை வெட்டிப் போட்டு, முதல்நாள் கணவாய்க் கறியையும் பரப்பிச் சூடாக்குவார். இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவில் ஆலைக்குள் புகுந்து, நோர்வேயில் உறைந்துபோன அந்தப் பண்டம் எங்கள் அடுப்புக்குள் போய் வரும்போது முழு யாழ்ப்பாணத்து ஆளாகியிருக்கும். சித்தி மட்டும் அதைத் தொடமாட்டார். "நாள் முழுக்க அதின்ர மூஞ்சையைப் பாத்தனான், இனி வாயிலையும் வைக்கிறதோ?"

எனக்குப் பத்து வயதான கோடையில் சித்திக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெயர் ரவீந்திரன், ஏதோ 'சாப்பாட்டுக் கொம்பனி'யில் வேலை, நல்ல குடும்பம். இதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அப்பாவின் பழைய நண்பர், நோர்வேயின் மேற்குக் கரையில், ஸ்தவாங்கரில் இருந்த மாமா ஒருவர். மாப்பிள்ளை சனிக்கிழமை பின்னேரம் பெண்பார்க்க வருகிறார் என்று தொலைபேசியில் சொன்னவர், கடைசியில் ஒரு குண்டையும் போட்டுவிட்டு வைத்தார்: "அவர் கனகாலம் அங்கை இருந்தவர். எங்கட உறைப்பு ஒத்துவராது. அவையின்ர சாப்பாடாய்ப் பாத்து வையுங்கோ."

கோயில் திருவிழாவில் முன்னூறு பேருக்குச் சமைக்கச் சொன்னாலும் கலங்காத அம்மா, ஒரே ஒரு அமெரிக்கக்காரருக்கு என்ன சமைப்பது என்று தெரியாமல் அன்று கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார். அமெரிக்கர்கள் என்ன தின்பார்கள் என்று எங்கள் வீட்டில் அறிந்த ஒரே ஆள் நான். என் அறிவுக்கு ஆதாரம் தொலைக்காட்சித் தொடர்களும், வெள்ளிக்கிழமை தவறாமல், சோள ஓட்டுக்குள் இறைச்சி திணித்த டாக்கோ தின்னும் என் வகுப்புத் தோழி இங்ரிட்டும். டாக்கோ, இடித்த உருளைக்கிழங்கு, தகர டின்னில் வரும் சோளம், சொசேஜ், கோர்ன்ஃபிளேக்ஸ் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்திருந்த அப்பா தலையை ஆட்டிக் கேட்டார். "அப்ப அமெரிக்கன் காய்கறி வெட்டமாட்டான், பெட்டியைத்தான் வெட்டுவான்" என்று முடிவுகட்டினார்.

வளர்ந்த பிறகு படித்துப் பார்த்தபோது அப்பா சொன்னது அவ்வளவு பிழையில்லை என்று தெரிந்தது. எங்கோ வெட்டிய மாட்டின் இறைச்சி ஐஸ் நிரப்பிய ரயிலேறிக் கண்டத்தின் மறுகரைக்குப் போகத் தொடங்கிய நாளில் அமெரிக்கர்கள் மாட்டை மறந்தார்கள். கோடைகாலப் பழம் டின்னுக்குள் புகுந்து பனிக்காலத்துக்கு வந்ததும் காலத்தை மறந்தார்கள். கிளறிக் கிளறிக் காய்ச்சிய காலைக் கஞ்சி பெட்டியிலிருந்து சலசலவென்று கொட்டுகிற பொரியாக மாறியதும் அகப்பையை மறந்தார்கள். ஆணும் பெண்ணும் ஆலைச் சங்குக்கு ஓடுகிற வீட்டில் சமைக்க யாருக்கு நேரம்? ரொட்டிப் பாணைக்கூட யாரோ வெட்டித் தந்தால் நல்லது என்றாயிற்று. தோட்டக்காரனின் முகத்தைப் பார்த்து வாங்கியவர்கள் பெட்டியில் ஒட்டிய படத்தைப் பார்த்து வாங்கப் பழகினார்கள். நாங்களும் அந்த வெள்ளிக்கிழமை ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் படங்களைப் பார்த்துத்தான் வாங்கினோம். உருளைக்கிழங்குத் தூள் பைக்கற்றில் இருந்த நோர்வீஜிய மொழியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்: சுடுநீர் ஊற்றிக் கிளறவும், இரண்டு நிமிடம் விடவும். அம்மா பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சாப்பாடோ, பேதிமருந்தோ?"

பீட்சா வைப்பதா இல்லையா என்பதில்தான் சண்டை வந்தது. "அக்கா, அதை மட்டும் வையாதை, எனக்கு வெக்கம்" என்று சித்தி கெஞ்சினார். அம்மா விடவில்லை. பெண்பார்க்க வருகிறவருக்குப் பெண் தன் கையால் செய்த பலகாரம் ஒன்று வைக்க வேண்டும், இதைவிடச் சித்தியின் கைபட்ட அமெரிக்கப் பலகாரம் உலகத்தில் வேறு உண்டா என்பது அவர் வாதம். வளையாத பீட்சா ஒன்றைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள். சித்தி அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்காக வழக்கம்போல மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரித்த கறியும் சோறும் ஆனது. தின்று முடித்த கையோடு சட்டிகளைப் பல்கனியில் ஒளித்து, மேலே துவாயைப் போட்டு மூடி, யன்னல்களைத் திறந்து, வனிலா மணக்கும் மெழுகுதிரி ஒன்றையும் கொளுத்தி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வீடு, வனிலா போட்ட மீன்குழம்பு மாதிரி மணந்தது.

ரவீந்திரன் ஒல்லியான, கூச்சமான மனிதர். சேர்ட்டின் மேல்பொத்தான்வரை பூட்டியிருந்தார். மேசையைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் வாடியதுபோல எனக்குப் பட்டது. ஆனால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து டாக்கோ ஒன்றை எடுத்தார். டாக்கோ ஓட்டைக் கடிக்கும் விதம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அது எல்லோர் மடியிலும் உடைந்து கொட்டியது. அப்பா கோர்ன்ஃபிளேக்ஸுக்கு மேல் சொசேஜ் வைத்து, கரண்டியால் வெட்ட முயன்றுகொண்டிருந்தார். அம்மா அவசரமாகப் பீட்சாவை நீட்டினார்.

"எடுங்கோ தம்பி. எங்கட வதனி தன்ர கையாலை செய்தது."

அவர் ஒரு துண்டைக் கடித்து, மரியாதைக்காக ஒரு கேள்வியும் கேட்டார். "நல்லாயிருக்கு. மா எப்பிடிக் குழைச்சனீங்கள்?"

"மாவை நான் கண்டதே இல்லை" என்றார் சித்தி. "அது மற்றக் கட்டிடத்திலை மெஷின் குழைக்கிறது. நான் பெல்ட்டிலை நிண்டு மொட்டைக்குச் சீஸ் போடுறனான். இதுக்கு நான்தான் போட்டதோ எண்டும் தெரியாது. கடையிலை வாங்கினது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது என்று நானும் நினைத்தேன். ஆனால் ரவீந்திரன் துண்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"என்ர வேலை என்னெண்டு உங்களுக்குச் சொன்னவையோ? நாங்கள் சூடாக்கித் தின்னிற தட்டுச் சாப்பாடு செய்யிறனாங்கள். தட்டிலை இறைச்சிக்கு ஒரு அறை, கிழங்குக்கு ஒரு அறை, பட்டாணிக்கு ஒரு அறை. இறைச்சிக் குழம்பு பட்டாணிக்குள்ளை போகாமல் பாக்கிறதுதான் என்ர வேலை."

"அவ்வளவுதானோ?" என்று அப்பா வாய்விட்டுக் கேட்டுவிட்டார். "சோத்தையும் கறியையும் ஒண்டாய்க் குழைச்சுத் தின்னிற சாதிக்கு இப்பிடி ஒரு வேலையோ தம்பி!"

"அதுதான் அண்ணை, நான் வீட்டிலை போய் எல்லாத்தையும் கலந்துபோட்டுத்தான் தின்னிறனான்."

அதன் பிறகு அவர் கதைக்கத் தொடங்கினார். தன்னோடு வேலை செய்கிறவர்கள் காருக்குள் காலைச் சாப்பாட்டை முடிப்பதையும், வீடுகளில் ஆளுக்கொரு தட்டைச் சூடாக்கி ஆளுக்கொரு அறைக்குக் கொண்டுபோவதையும் சொன்னார். தன் வீட்டிலும் சாப்பாட்டு மேசை ஒன்று உண்டு, அதில் விளம்பரக் கடுதாசிகள்தான் குவிந்து கிடக்கின்றன, தான் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றே தின்றுவிடுவதாகச் சிரித்தபடிதான் சொன்னார். சித்தி சிரிக்கவில்லை.

"அப்பிடியெண்டால் நான் அங்கை வரமாட்டன்" என்றார். "நாள் முழுக்க ஆக்களோடை நிண்டும் ஒருத்தரோடையும் கதைக்கேலாத இடத்திலை வேலை. வீட்டிலை வந்து நாலு பேரோடை இருந்து தின்னேக்கைதான் நான் மனுசியாகிறனான். அதையும் விட்டுட்டு எனக்கு என்னத்துக்கு அமெரிக்கா?"

"வதனி!" என்று அம்மா அதட்டினார். ரவீந்திரன் மடியில் கிடந்த டாக்கோத் துண்டுகளைத் தட்டிவிட்டார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. லிஃப்டாலை வெளியிலை வரேக்கை மீன்குழம்பு மணந்தது. அது பக்கத்து வீடோ?"

சித்தி எழுந்துபோய்ப் பல்கனிக் கதவைத் திறந்தார்.

சட்டிகள் வந்தன. ரவீந்திரன் மேல்பொத்தானைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, குழம்பையும் கத்தரிக்காயையும் சோற்றையும் ஒன்றாகக் குழைத்துத் தின்ற வேகத்தைப் பார்த்து அம்மா இன்னொரு உலை வைக்க ஓடினார். அவர் நோர்வேக்கு வந்து ஒரு வாரமாகத் தங்கிய வீடுகளில் எல்லாம் ஸ்தவாங்கர் மாமாவின் எச்சரிக்கை முந்திப் போய்விட்டதாம். எங்கு போனாலும் சொசேஜ்தானாம். நான் மட்டும் கோபத்தோடு மிச்ச டாக்கோ முழுவதையும் தனியாகத் தின்று முடித்தேன்.

அடுத்த ஆண்டு கலியாணம் நடந்தது. போனவர் சித்தியல்ல, வந்தவர் ரவீந்திரன் சித்தப்பா. மொழி தெரியாதவருக்கு முதலில் கிடைத்த வேலை அதே பீட்சாத் தொழிற்சாலையில்தான், அதுவும் பின்னேர ஷிஃப்டில். சித்தப்பா போகும் பஸ்ஸும் சித்தி வரும் பஸ்ஸும் வழியில் சந்தித்துக்கொள்ளும், இருவரும் கையாட்டிக்கொள்வார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று அமெரிக்காவையே வேண்டாம் என்றவருக்கு ஒஸ்லோவில் எடுத்த தனிவீட்டிலும் தனிக்கோப்பைதான். அந்தக் கையாட்டலைச் சித்தி ஒரு பனிக்காலம் முழுக்கப் பொறுத்தார். பிறகு தொழிற்சாலையை விட்டுவிட்டு, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லையென்று குழந்தைகள் காப்பகச் சமையலறைக்கு மாறினார். சித்தப்பாவும் மொழி படித்துப் பகல் வேலை ஒன்றைப் பிடித்தார். அதன் பின் அவர்கள் வீட்டு மேசையில் ஒரு கோப்பை தனியாக இருந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. தமிழ்க்கடைக் குளிர்பெட்டிகளில் புட்டும் இடியப்பமும் ஐஸ் படிந்து கிடக்கின்றன. நானும் வாங்குகிறேன், ஆகவே குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. விருந்துக்கு வருகிறவர் எதைத் தின்பார், எதைத் தின்னமாட்டார் என்பது முதல்நாளே குறுஞ்செய்தியில் வந்துவிடுகிறது. பிழையாகச் சமைக்க இப்போது யாருக்கும் வாய்ப்பில்லை. வந்தவர் எதற்கு முகம் மலர்கிறார் என்று கோப்பைக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்களும் இல்லை.

போன மாதம் சித்தி வீட்டில் இருந்தபோது, அவர்கள் மகன் கஜன் கைபேசியில் பர்கர் ஓடர் பண்ணினான். கொண்டுவந்தவர் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர் போலும், கதவடியில் பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழா சார்?" என்று மலர்ந்தார்.

"ஓம் தம்பி. நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்றார் சித்தப்பா.

"இல்ல சார், இன்னும் ரெண்டு டெலிவரி இருக்கு, டைம் ஓடுது" என்று சொல்லிக்கொண்டே அவர் படியால் இறங்கிவிட்டார்.

சித்தி குசினிக்குள் ஓடி, ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் சோற்றையும் கறியையும் அள்ளிப் போட்டுக் கஜனிடம் கொடுத்து, அவர் பின்னால் ஓடச் சொல்லித் துரத்தினார். அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்; கொண்டுவந்தவரின் சைக்கிள் கீழே இல்லையாம். வாசலில் நின்றபடியே மூடியைத் திறந்து, கையால் அள்ளித் தின்னத் தொடங்கினான். ஓடர் பண்ணிய பர்கர் கழற்றிய சப்பாத்துகளை வைக்கும் தட்டில் கிடந்தது.

சித்தி ஒரு கதிரையை இழுத்துவிட்டார்.

"இருந்து தின்னடா."