முதல் என்றால் முதல்தானே

தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு மேலே யார் யார் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கங்காணிக்கு மேல் கண்டாக்கு, அவருக்கு மேல் சின்ன துரை, எல்லாருக்கும் மேல் பெரிய துரை. அதனால்தான் ‘முதல் மந்திரி’ என்ற பேரைக் கேட்டு நான் ஏமாந்தேன். முதல் என்றால் முதல்தானே, அவருக்கு மேல் ஆள் ஏது?

கொழும்பும் தில்லியும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று எங்களைப் பங்கு பிரித்த சமயம் அது. என் அப்பாவே பிறந்தது இங்கே இலங்கையில், திம்புள்ளையில். நான் கடலைக்கூடப் பார்த்ததில்லை. என்னை இந்தியாவுக்குப் போ என்றால் வயிறு எரியாதா? கொழும்புக்கும் தில்லிக்கும் எங்கள் பாஷை தெரியாது. மெட்ராஸ் முதல் மந்திரிக்குத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கற்ற ஐந்தாம் வகுப்புத் தமிழில் அவருக்கு மனு எழுதினேன். “எங்களைக் கேட்காமல் எங்களை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டாம், ஐயா.”

பதில் வந்தது, மரியாதையான பதில்தான். குடியுரிமை மத்திய அரசின் பொறுப்பாம், மனுவைத் தில்லிக்கு அனுப்பிவிட்டார்களாம். நாங்கள் வந்து சேர்ந்தால் வீட்டுக்கும் வேலைக்கும் மாநில அரசு உதவுமாம்.

“அப்ப அவரும் சின்ன தொரதான் புள்ள” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “கல்யாணப் பத்திரிகை அடிக்கிறது டில்லி, பந்தி போடுறது மெட்ராசு. பொண்ணுக்குச் சம்மதமான்னு எவனாச்சும் கேட்டானா?” என்றேன்.

மறுவாரம் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, கண்டாக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று நானே எழுதிக் கொடுப்பதுபோன்ற விண்ணப்பம்.

“கையெழுத்தப் போடு. ரெண்டு பிரதமரும் போட்டாச்சு, ஒனக்கு என்னா?”

வேலையை நிறுத்தினால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் பிடுங்கிவிடுவார்கள். ஆனாலும் கோபம் என் பயத்தைத் தின்றுவிட்டது.

“அவங்க போட்டது அவங்க பேருங்க, ஐயா. என் விசயத்துல மெட்ராசு முதல் மந்திரிக்கே அதிகாரம் இல்லையாம். அப்ப என் பேருக்கு முதல் ஆளு நான்தானுங்க.”

தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன். அந்தக் கையெழுத்தை நான் இன்றுவரை போடவில்லை.