இரண்டு மொட்டைத் தலைகளும் ஒரு புள்ளிவிவரத் தாளும்

அணி நிர்வாகத்தின் வழியாக எழுத்தில் கேட்டால், ஆட்டத்தின் காணொளியை மறுபடி பார்த்து வீராங்கனைகளின் புள்ளிவிவரத்தைத் திருத்தித் தர வேண்டும். அந்தப் பன்னாட்டுக் கூடைப்பந்துப் போட்டியின் நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருக்கிறது. விதி இருப்பதற்கும் அது நடப்பதற்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் அரசாங்கம் எனக்கு நாற்காலி போட்டுச் சம்பளம் கொடுத்தது. கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற பிறகு, அந்த இடத்தை வெளியில் நின்று பார்க்கும் வாய்ப்பு என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணால் கிடைத்தது.

அவள் நாட்டின் அணியில் ஆடுகிறவள். மாடிப்படி வாசலில் குனியாமல் நுழைய முடியாத உயரம். அம்மாவும் மகளும்தான் மாடியில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக் கூடத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவார்.

போன வருடம் ஒரு காலையில் அச்செடுத்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். வெளிநாட்டில் அவள் ஆடிவிட்டு வந்த ஆட்டத்தின் புள்ளிவிவரம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, எவ்வளவு நேரம் ஆடினாள், எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்டு என்று கட்டங்கள். கூடையில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடித்தால் அது ரீபவுண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளுடைய கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

"நீ ஆடினியா இல்லையா?" என்றேன்.

"ஆடினேன் சார். பந்து எடுத்தேன். கொத்து கொத்தா எடுத்தேன்."

"அப்புறம் ஏன் பூஜ்யம் போட்டிருக்கு?"

"எல்லாத்தையும் இவ பேர்ல எழுதி வச்சிக்கிறாங்க" என்று இன்னொரு வரியைத் தொட்டாள். "தலைய பாத்துக்கினே எழுதிட்டாங்க சார்."

விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மகள் அணியில் சேர்ந்தால் முடி கொடுப்பதாக அவள் அம்மா எங்கள் திருத்தணி மலை முருகனுக்கு வேண்டியிருந்தார். பட்டியல் வந்ததும் அம்மாவும் மகளும் மேலே போனார்கள். கூடவே நகரியிலிருந்து இவளுடைய தோழி வந்திருந்தாள். அவளும் அதே அணி. மொட்டை போடும் மண்டபத்தில் இவளுக்குத் துணையாக உட்கார்ந்தவள், "எனக்கும் சேத்து அடிங்கண்ணா, நானும்தான செலக்ட் ஆயிருக்கறேன்" என்று தலையைக் காட்டிவிட்டாள். வீட்டில் கேட்கவில்லை. ஆக, இந்தியாவிலிருந்து போன அணியில் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், சந்தனம் பூசிய தடம்கூட மாறாமல் இரண்டு மொட்டைகள். கூடைக்கு அடியில் பத்துக் கைகள் எழும்போது சட்டை எண் மறைந்துவிடும். களத்துக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தலைதான் தெரியும். மொட்டை என்றால் ஒருத்திதான் என்று அந்த வெளிநாட்டுக்காரர் முடிவு செய்துகொண்டார். திருத்தணியில் இரண்டு நாள் இருந்திருந்தால் அவருக்கு அந்தத் தவறு நேர்ந்திருக்காது.

இதில் வேடிக்கை மட்டும் இருந்திருந்தால் நான் மனு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு வேலைக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் முடியக் கெடு. பன்னாட்டு ஆட்டத்தின் அதிகாரபூர்வமான புள்ளிவிவரத்தை இணைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். அவளிடம் இருந்தது இந்த ஒரே ஆட்டம். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

மனு எழுதினேன். கூடைப்பந்துச் சங்கத்து அலுவலகத்திலிருந்து வந்த முதல் பதில்: பதிவுத்தாளில் நடுவர் கையெழுத்திட்டுவிட்டபடியால் திருத்த இயலாது. நல்ல விதி, உண்மையாகவே உள்ள விதியும்கூட. ஆனால் நடுவர் கையெழுத்திடும் பதிவுத்தாளில் புள்ளியும் ஆட்டத் தவறும் எழுதுவார்கள். ரீபவுண்டுக்கு அதில் கட்டமே கிடையாது. இல்லாத கட்டத்தைத் திருத்த முடியாது என்று மறுத்திருந்தார்கள். இதை எழுதியவர் என் அலுவலகத்தில் இருந்திருந்தால் சீக்கிரமே பதவி உயர்ந்திருப்பார். இவ்வளவையும் மரியாதையான சொற்களில் திருப்பி எழுதினேன். இரண்டாவது பதிலில், ஒருவர் கணக்கு கூடினால் மற்றவர் கணக்கு குறையும், ஆகையால் அந்த வீராங்கனையின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை என்றார்கள். இது நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

"அவ கையெழுத்து போடுவான்னு நெனைக்கிறீங்களா சார்?" என்று மாடியிலிருந்து இறங்கி வந்து அம்மா கேட்டார். "அவளும் அதே வேலைக்குத்தான் போட்டுக்கினு இருக்கறா."

மகள் தொலைபேசியில் தோழியைக் கூப்பிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரி பேருந்தில் அவள் வந்து இறங்கினாள். இருவருக்கும் அதற்குள் காது மறைய முடி வளர்ந்திருந்தது.

"அத்த, பேசிட்டு சாப்டறதா, சாப்ட்டு பேசறதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மொத சாப்டு. அப்புறம் கையெழுத்து போட்டுட்டு வீட்ல போயி அழுவாத."

"அழுதா இங்கயே அழுதுட்டு போறேன் அத்த. எங்க வீட்ல அழுதா ஒருத்தரும் டிபன் குடுக்க மாட்டாங்க."

என் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் போட்டோம். ஆட்டத்தில் தோழி முழங்காலில் கறுப்புப் பட்டை அணிந்திருந்தாள், அதுதான் அடையாளம். ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் படத்தை நிறுத்துவார்கள். பட்டை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். யாருடையது என்று சொல்வார்கள். ஆட்டக் கடிகாரத்தின் நேரத்தோடு நான் எழுதிக்கொள்வேன். கட்சிக்காரர்கள் இருவரும் ஒரே தட்டில் பக்கோடா தின்றபடி சாட்சி சொன்ன விசாரணையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாதியில் நான் நிறுத்தி, தோழியிடம் கேட்டுவிட்டேன். கேட்காமல் கையெழுத்து வாங்குவது முறையல்ல.

"நீயும் அதே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கே. இது குறைஞ்சா உனக்கு நஷ்டம். தெரிஞ்சுதானே வந்தே?"

"தெரியும் சார்" என்றாள். "தேர்வுல பந்த குடுத்து ஆடச் சொல்லுவாங்க. பேப்பர்ல இவ்ளோ எடுத்தவளாச்சே, எங்க எடுத்து காட்டுன்னு நிக்க வச்சா நான் எங்கேந்து எடுக்கறது? எனக்கு தூரத்துலேந்து போடத்தான் வரும். நான் போட்ட பாயின்ட்டு எனக்கு போதும்."

"ஆங், தூரத்துலேந்து போட்டு தவறவிடுவா, நான்தான் எடுக்கணும்" என்றாள் இவள்.

"நான் தவறவிடலன்னா உனக்கு ஏதுடி ரீபவுண்டு?"

கடைசிப் பகுதி ஆட்டத்தில் ஒரு இடத்தில் இரண்டு மொட்டைகளும் ஒரே பந்துக்கு எழும்பின. "இது நானு" என்றாள் எங்கள் வீட்டுப் பெண். தோழி பக்கோடாவைக் கீழே வைத்தாள்.

"ஏய், முழங்கால பாரு. பட்டை யாருது? மத்ததெல்லாம் எடுத்துக்கோ. இத தரமாட்டேன்."

இவள் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். இவளுக்கும் வேலை வேண்டும்; கட்டத்தில் ஒன்று கூடினால் இவளுக்கு லாபம்.

"அவளுதுதான் சார். அடிச்சிடுங்க."

அடித்துவிட்டேன். தோழி சம்மதக் கடிதத்தைத் தமிழிலும் வேண்டாம், தெலுங்கிலும் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் தானே எழுதிக் கையெழுத்திட்டாள். அணி மேலாளர் எங்கோ பயிற்சி முகாமில் இருந்தார். அவரைப் பிடித்து, அவர் வழியாக எல்லாவற்றையும் போட்டி அமைப்பாளர்களுக்கு அனுப்ப இன்னும் சில வாரங்கள் போயின. பிறகு நினைவூட்டல்கள். நினைவூட்டல் என்பது ஒருவரை மரியாதையாகத் திட்டும் முறை. அதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஒவ்வொன்றிலும் "தங்கள் கனிவான கவனத்துக்கு" என்று தொடங்கி, போன கடிதத்தைவிட ஒரு வரி குறைத்தேன். அந்தப் பெண் பதிலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். விடியும் முன்பே பந்தோடு படியிறங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆடியும் பிறந்துவிட்டது. திருத்தாத தாளையே இணைத்து அனுப்பிவிடலாமா என்று அம்மா கேட்டார். இன்னும் நாள் இருக்கிறது என்று, நானே முழுதாக நம்பாத ஒன்றைச் சொன்னேன்.

பதில் இரண்டே வரி. காணொளி மறு ஆய்வு செய்யப்பட்டது. திருத்திய புள்ளிவிவரம் இணைக்கப்பட்டுள்ளது. மாடிக்குக் குரல் கொடுத்தேன். குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். தன் வரியைப் பார்த்தாள், தோழியின் வரியைப் பார்த்தாள், நாங்கள் எழுதி அனுப்பியபடியே இருந்தது. கெடுவுக்குள் விண்ணப்பத்தை அன்றே அனுப்பினோம். வெளியே காவடிகளும் பம்பைச் சத்தமும் தெருவை அடைத்திருந்தன. கடிதத்தின் மேலே அவர்கள் நாட்டுத் தேதி இருந்தது. எங்கள் ஊர்க் கணக்கில் அன்றைக்கு ஆடிக் கிருத்திகை.