தெருவுக்கே ஊத்தின மருந்து

எங்க தெருவுல பாவு நீட்டணும்னா பத்துப் பன்னெண்டு கை வேணும். விடியக்காலையில பட்டு நூலைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறறதுக்குள்ள சுருட்டியாவணும். எவ வீட்லயாவது குழந்தைக்குச் சுரம்னா அவ வரமாட்டா, எல்லாருக்கும் வேலை கெட்டுடும். அதனால ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலே தெருவுல இருக்கிற மொத்த வாண்டுங்களுக்கும் மருந்து ஊத்திடுவோம். ஊத்தறவ யாரு? நான்தான். பன்னெண்டாவது படிச்சவளாச்சே, பெரிய டாக்டரம்மா!

மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் குடுப்பாங்க. பவுடர் பாட்டில்ல தண்ணி விட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒரு பாலாடை. மீதியைத் தறிக்குழியில வெச்சிடுவேன், வீட்லயே சில்லுனு இருக்கிற இடம் அதான். அடுத்த சுரத்துக்கும் அதே பாட்டில். முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அந்த ஐப்பசி மழையில எங்க தெருக் குழந்தைங்க ஒண்ணுகூடப் படுக்கல. அடுத்த தெருக்காரிங்க வந்து பாட்டில் பேரு கேட்டாங்க. எனக்குத் தலைகால் புரியல. குழந்தைங்களுக்கு வயித்தால போனதை மட்டும் பல்லு முளைக்குதுன்னு தள்ளிட்டோம்.

எதிர்வீட்டுக்காரி பொண்ணுக்கு அப்போ ரெண்டு வயசு. காதுல சீழ் வந்துச்சு. நான் ஊத்தினேன், நிக்கல. மறுபடியும் ஊத்தினேன். உடம்பு கொதிக்க ஆரம்பிச்சதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எதிர்வீட்டுக்காரி பயந்த சுபாவம். "நீயே சொல்லுக்கா"ன்னு என்னை முன்னால தள்ளினா.

"இதுக்கு முன்னால ஏதாவது மருந்து குடுத்தீங்களாம்மா?"ன்னு டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கல சார்"னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டுவாரேன்னுதான். வேற ஒரு மண்ணும் இல்ல. என்னை நம்பி அவரும் அதே மருந்தை எழுதினார். நாலு நாள் வீணாப் போச்சு. சென்னைக்குத் தூக்கிக்கினு போனப்போ சீழ் காதுக்குப் பின்னாடி எலும்பு வரைக்கும் இறங்கியிருந்துச்சு. "இந்த மருந்துக்கெல்லாம் கிருமி பழகிப்போச்சு. தேவையில்லாம அடிக்கடி குடுத்தா இப்படித்தான். கூட விளையாடற குழந்தைங்ககிட்டயும் இருக்கலாம்"னு அங்க இருந்த டாக்டரம்மா சொன்னாங்க. எதிர்வீட்டுக்காரி ஆபரேஷன் ரூம் வாசல்ல அழுதுக்கினு இருந்தா. அதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

உயிர் பொழைச்சுது. வலது காது போச்சு.

ஊருக்கு வந்ததும் பாட்டிலைச் சாக்கடையில கொட்டினேன். இனிமே என்கிட்ட கேக்காதீங்கன்னு தெருவுல சொல்லிட்டேன். காரணம் சொல்லல. மெடிக்கல்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தேன், ஆறல.

இப்போ அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது. வண்டி ஹாரன் அடிச்சா எந்தப் பக்கம்னு தெரியாம நடுத்தெருவுல திகைச்சு நின்னுடுது. அவங்கம்மா ஓடிவந்து இழுத்துக்கினு போறப்போ என்னைப் பார்த்துட்டா கண்ணு கலங்கிடுவா. "அன்னிக்கு நீ மட்டும் கூட வந்து பேசலைன்னா இவ இருந்திருக்க மாட்டாக்கா"ன்னு சொல்லுவா.

நானும் தலையை ஆட்டிக்கினு நிக்கிறேன், வெக்கங்கெட்டவ.