டெல்மா அக்கா பிடித்துவைத்த கதிரை

செவ்வாய்க்கிழமை காலை நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது டெல்மா அக்காவின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மா கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் இருந்தபடியே போய்விட்டார் என்றார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகுதான் அழுகை. இளவயதில் அமெரிக்காவில் அவரைக் கதிரையில் இருந்து எழுப்ப இரண்டு பொலிஸ்காரர் தேவைப்பட்டார்கள். யமன் தனியாக அல்லவா வந்திருப்பான், பாவம்.

ஓஸ்டர்முண்டிகனில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கோயில் தேருக்குச் சிவப்புத் தொப்பியோடு வந்து, மோர்ப்பந்தலில் மூன்று தரம் வாங்கிக் குடிக்கும் அமெரிக்கக் கறுப்பினத்துப் பெண்மணி. சுவிஸ்காரர் ஒருவரை மணந்து இங்கே சுவிஸுக்கு வந்தவர். நானும் அவரும் பதினாறு வருடம் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் ஒன்றாக வேலை செய்தோம். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த டொச் மொழிதான், அதுதான் ஜெர்மன். இலக்கணம் பார்த்திருந்தால் ஒரு கதையும் கதைத்திருக்க மாட்டோம்.

வேலைக்குப் போன முதல் கிழமை, மதியச் சாப்பாட்டை மெசினுக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பழக்கம். ஊரில் தேநீர்க் கடையில் எங்கள் சாதிக்காரருக்குத் தகரப்பேணி, அதையும் வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாங்குப் பலகை வெறுமையாகக் கிடந்தாலும் எங்களை நிலத்தில்தான் இருத்தினார்கள். அதைப் பொறுக்கமாட்டாமல்தான் அம்மா என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்தார். நான் நின்று சாப்பிடுவதை டெல்மா அக்கா மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துவந்து போட்டு, “முதலில் இரு. கதை பிறகு” என்றார்.

கதை பிறகு வந்தது. அவருடைய ஊர்க் கடையில் கறுப்பினத்தவர் ஊசி நூல் வாங்கலாம், அதே கடையில் கதிரையில் இருந்து கோப்பி குடிக்கக் கூடாது. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. படிக்கிற பிள்ளைகள் சேர்ந்து போய் அந்தக் கதிரைகளில் இருந்தார்கள். வெள்ளைக்காரர் வந்து இவர்கள் தலையில் சீனியைக் கொட்டினார்கள், காதுக்குள் ஏசினார்கள். இவர் அசையவில்லை. கடைசியில் பொலிஸ்காரர் தூக்கித்தான் வெளியே கொண்டுபோனார்கள். அதற்கு முன்னர் தேவாலய நிலவறையில் ஒத்திகை நடந்ததாம். ஒருவர் ஏச வேண்டும், மற்றவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். “அது வீரம் இல்லை, பயிற்சி” என்பார்.

எனக்கும் பழக்குங்கள் என்று கேட்டேன். துவாய் மூட்டைகளுக்கு நடுவில் என்னை இருத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து அவர் ஏசுவார். அந்த டொச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு அடங்காது. ஒரு நாளும் நான் சித்தியடையவில்லை.

உண்மையான பரீட்சை நாலு வருடத்துக்கு முன் என் பேத்தியின் கலியாணத்தில் வந்தது. பேத்தி சட்டத்தரணி. பெருமையடிக்கிறாள் கிழவி என்பீர்கள், பரவாயில்லை. அவளே பார்த்த மாப்பிள்ளை, தங்கமான பிள்ளை. ஆனால் அவருடைய பெரியப்பா சாதி பார்த்து எங்களோடு ஒரே பந்தியில் இருக்க மாட்டார் என்று என் காதில் விழுந்தது. கலியாணம் குழம்பிவிடுமோ என்ற பயத்தில், பாயசம் அடிப்பிடிக்கும் என்று சாட்டுச் சொல்லி நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

முதல் பந்தியில் டெல்மா அக்கா பெரியப்பாவுக்கு நேர் எதிரே இருந்தார். பக்கத்துக் கதிரையில் தன் கைப்பையை வைத்திருந்தார். இலையைத் தொடவில்லை. உறைப்பாக்கும் என்று நினைத்து எங்கள் ஆட்கள் கறியை எடுத்துவிட்டுத் தயிர் வைத்தார்கள். பிறகு பாண் வந்தது, சீஸ் வந்தது. யாரோ ஓடிப்போய்ப் பீட்சாவும் வாங்கிவந்தார்கள். கையைக் கட்டியபடியே இருந்தார். கடைசியில் பேத்தி போய்க் கேட்டபோதுதான் சொன்னார்: “கறியில் பிழை இல்லை. இந்தக் கதிரைக்கு உரியவள் அடுப்படியில் நிற்கிறாள்.”

கூறைச்சேலையோடு பேத்தி என்னிடம் வந்தாள். “அம்மம்மா, நீங்கள் வராட்டி நானும் இதிலதான் நிப்பன்.”

ஈரக் கையோடு போனேன். டெல்மா அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு, என்னிடம் கேட்டுப் பாடமாக்கிய ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்: “இரு.”

இருந்தேன். பெரியப்பா எழும்பப் பார்த்தார். அவருடைய மனைவி இலையிலிருந்து தலை நிமிராமல், “இஞ்சேருங்கோ, சோறு ஆறுது. இருங்கோ” என்றார். அவரோடு சேர்ந்து எழும்ப ஒருவரும் இல்லை. அவரும் இருந்தார். நான் வைத்த கத்தரிக்காய்க் கறியை இரண்டு தரம் கேட்டு வாங்கினார். டெல்மா அக்கா பீட்சாவைத் தள்ளிவிட்டு, மிளகாய் ஊறுகாயோடு ஒரு பிடி பிடித்தார்.

அம்மாவின் நினைவாக என்ன வேண்டும் என்று மகன் கேட்டார். அந்தக் கைப்பையை வாங்கிவந்தேன். வாற மாதம் எங்கள் மண்டபத்தில் அவருக்காகச் சாப்பாடு வைக்கிறோம், எல்லோரும் வாருங்கள். முதல் பந்தியில் நான் இருப்பேன், பக்கத்துக் கதிரையில் கைப்பை இருக்கும். அடுப்படியில் கடைசியாக நிற்கிற பிள்ளை வந்து அதில் இருக்கும்வரை நான் கை நனைக்க மாட்டேன். எனக்குப் பீட்சா கொண்டுவர வேண்டாம்.