கால் கிலோ சுண்ணாம்பு

போன சனிக்கிழமை எங்கள் ஊரான பண்ணைக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தம்பி பாண்டி ஜீப்போடு நிற்கிறான். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பின்னால் எஸ்டேட் வேலைக்குப் போகிற ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சவாரி! போகிற வழியில் வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான்.

அந்த ஜீப் அவனுடையது அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவருடையது; இவன் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். இந்த வருஷ மிளகை எடுத்ததும் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தோட்டமே கதி என்று இருக்கப்போவதாக, தை மாதத்திலிருந்து என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தன் கையால் நட்ட கொடிகள். முதல்தடவையாக நிறையச் சரம் விட்டிருந்தன.

அந்த ஆசையில் மண் விழுந்துவிட்டது. போட்டது யார்? கொடைக்கானலில் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டு, வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் வாய் கிழியப் பேசுகிறாளே ஒருத்தி... அவள்தான்.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் மிளகுக்கு வாடல் நோய் வரும். வராமல் இருக்க போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, ஒரு டிரம்மில் கரைத்து, சுண்ணாம்பை இன்னொன்றில் கரைத்து, இரண்டையும் சேர்த்தால் வானத்து நீலத்தில் ஒரு கலவை வரும். மயில்துத்தம் தனியாகப் பட்டால் தளிர் கருகிவிடும். சுண்ணாம்புதான் அதை அடக்கி வைக்கிறது. ஒரு கிலோ மயில்துத்தத்துக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு — எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம்.

ஆடியில் பாண்டி போன் செய்தான். சுண்ணாம்பு ஸ்ப்ரேயர் மூக்கை அடைக்கிறது, அதைக் குத்திக் குத்தி எடுப்பதே பெரிய சோலியாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

டீச்சரிடம் போய்க் கேட்டால் சும்மா இருப்பாளா? எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. தாமிரம் இவ்வளவு, கந்தகம் இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு, கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிற ஐந்து தண்ணீர் மூலக்கூறு — எல்லாம் சேர்த்து மயில்துத்தத்தின் மூலக்கூறு எடை ஏறக்குறைய இருநூற்றைம்பது. சுட்ட சுண்ணாம்பு வெறும் ஐம்பத்தாறு. மூலக்கூறுக்கு மூலக்கூறு ஒன்றுக்கு ஒன்று வினை புரியும். அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும்?

"கால் கிலோ போதும்டா. மிச்சமெல்லாம் வேஸ்ட்டு" என்றேன்.

அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போலிருக்கிறது. பொண்டாட்டி சித்ராவிடம், "கேட்டியா, அக்கா கணக்கை?" என்று பெருமையாகச் சொன்னது எனக்கும் கேட்டது. அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் தப்பில்லை. இன்றைக்கும் எந்தப் பரீட்சையில் எழுதினாலும் முழு மார்க். ஆனால் கணக்கில் வருகிற சுண்ணாம்புக்கு வயசு கிடையாதே! பாண்டி வீட்டுச் சுண்ணாம்புக்கு இருந்தது. போன பொங்கலுக்கு வெள்ளையடித்த மிச்சம், வாய் கட்டாத சாக்கில் அப்படியே கிடந்திருக்கிறது. சுண்ணாம்பு காற்றிலேயே கிடந்தால் கரியமில வாயுவை இழுத்து, எந்தக் கல்லைச் சுட்டு எடுத்தோமோ அந்தக் கல்லாகவே கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடும். பார்க்க அதே வெள்ளைப் பொடிதான். மயில்துத்தத்தை அடக்குகிற சக்திதான் இருக்காது.

கிலோவுக்குக் கிலோ போட்டிருந்தால், பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தாலும் மிச்சம் காப்பாற்றியிருக்கும். நான் வேஸ்ட் என்று சொன்னேனே, அந்த முக்கால் கிலோ அதற்காகத்தான் இருந்தது. எந்தச் சுண்ணாம்பு, எப்போது வாங்கியது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மருந்து அடித்த மறுவாரம் சித்ராதான் போன் செய்தாள். "மதினி, சரமெல்லாம் கருகிக் கொட்டுதுங்க" என்றாள்.

லீவு கிடைத்து, போன சனிக்கிழமைதான் போக முடிந்தது. என்னை இறக்கிவிட்டு, சவாரியை முடித்துவிட்டுப் பாண்டி வந்தான். சித்ராவும் சேர்ந்து மூவரும் தோட்டத்துக்குப் போனோம். சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறித்தான் இருக்கிறது. இலை முழுக்கத் தீய்ந்த புள்ளி. கீழே கருஞ்சரங்கள் காலில் மிதிபடுகின்றன. கொடி சாகாது, இந்த வருஷக் காய்ப்புத்தான் போச்சு என்று அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான். யார் யாருக்குச் சொல்ல வேண்டியது, பாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அடிப்பதற்கு முன்னால் தீட்டிய கத்தி ஒன்றைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டு எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் தீர்ந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரும்பு ஆணியை மயில்துத்தக் கரைசலில் போட்டு நான் காட்டுவதும் இதே வினைதான். பாண்டி வருஷா வருஷம் பார்க்கிறவன். இந்தத் தடவை ஏன் பார்க்கவில்லை?

கேட்டேன். அவன் கொடியிலிருந்து தீய்ந்த இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். சித்ராதான் சொன்னாள். "கத்தியைத் தீட்டிக் கையில எடுத்துட்டாருங்க மதினி. நாந்தான் உள்ள விட்டுப் பாருங்கன்னேன். கேக்கலை."

"ஏன்டா?"

"நீ கணக்குப் போட்டுச் சொல்லிருக்க. அதைப் போயி கத்தியை விட்டுச் சோதிச்சுப் பாத்தா... ஒன்னைய நம்பாத மாதிரி ஆயிருமேக்கா. அதான் வச்சுட்டேன்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஏன்க்கா இப்படிச் சொன்னே என்று ஒரு சண்டை போட்டிருந்தால், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு, அழுதுவிட்டு, பஸ் ஏறியிருப்பேன். அவன் இப்படிச் சொன்னதும் அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மேல் அவன் வைத்த மரியாதையில் அவனுடைய ஒரு வருஷம் கருகிப்போய்க் கிடக்கிறது.

வீட்டில் ஒருத்தர் படித்துவிட்டால் போதும், நாம் அவர் வாயையே பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். காய்ச்சலுக்கு மாத்திரையும் அவரைத்தான் கேட்கிறோம், பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா என்றும் அவரைத்தான் கேட்கிறோம். அவரும் தெரியாது என்று ஒரு நாளும் சொல்வதில்லை. சொல்ல எப்படி மனசு வரும்? பெருமையாகக் கேட்கிறார்களே!

சாயங்காலம் பாண்டிதான் பஸ் ஏற்றிவிட்டான். அடுத்த வருஷம் மருந்துக்கும் நீதான்க்கா கணக்குச் சொல்லணும் என்றான். ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்று தலையாட்டினேன். பஸ் கிளம்ப, அவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு அடுத்த சவாரிக்குப் போனான்.

உங்கள் வீட்டிலும் படித்த அக்காக்கள் இருப்பார்கள். மரியாதையெல்லாம் அப்புறம்... முதலில் கத்தியை விட்டுப் பாருங்கள்.