அந்த ‘ஒரு பிரதர்’ யார்?

போன சனிக்கிழமை காலை, ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில், சூடான மெதுவடை பாதி வாயில் இருக்கும்போது எனக்குக் கிருபை என்றால் என்னவென்று புரிந்தது.

சண்டே ஸ்கூலில் புரியவில்லை. கன்வென்ஷன் பந்தலில் கொசுக்கடியோடு உட்கார்ந்திருந்தபோதும் புரியவில்லை. வடை தின்னும்போது புரிகிறது. என்ன செய்ய...

எங்கள் புதன்கிழமையை முதலில் சொல்லிவிடுகிறேன். புதன் மாலை யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வசனம், கடைசியில் ஜெபக் குறிப்பு. யாருக்கு என்ன தேவையோ அதைச் சொன்னால், எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம். இதில் எழுதாத இலக்கணம் ஒன்று உண்டு — தன் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக யாரும் சொல்வதில்லை! ‘ஒரு பிரதருக்கு சுகர் ஏறிப்போச்சு.’ ‘ஒரு சிஸ்டர் வீட்ல சமாதானம் இல்ல.’ பெயர் கிடையாது, தெரு கிடையாது. கர்த்தருக்குத் தெரியும், விடு என்று கண்ணை மூடிக்கொள்வோம்.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை ஜெபராஜ் அங்கிள் சொன்னார்: “ஒரு பிரதர். கம்பெனில ஆள் குறைச்சதுல வேலை போயிடுச்சு. வெளிய சொல்ல முடியாம இருக்கார். ஜெபத்துல தாங்கிக்குங்க.”

ஜெபராஜ் அங்கிள் எங்கள் சபைக் கமிட்டியில் இருப்பவர். மறைமலை நகரில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஃபிளாஸ்க்கோடு முதலில் போய் நிற்பவர். சபை விருந்தில் கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டு, “நான் அப்புறம் சாப்டுக்கறேன்” என்பவர். தாழ்மைக்குத் தாம்பரம் வட்டாரத்தில் இவரைவிட்டால் ஆள் கிடையாது என்பது என் எண்ணம்.

அன்று ஜெபிக்கும் முறை என்னுடையது. எனக்குச் சொல்லவா வேண்டும்? “ஆண்டவரே, அந்த பிரதரோட பெருமையை உடைச்சுப் போடும்! வாய் திறந்து உதவி கேக்கற தாழ்மையை அவருக்குத் தாரும்!” என்று ஜன்னல் அதிர ஜெபித்தேன். அங்கிளும் “ஆமென்” என்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.

ஜெபித்ததோடு விடுகிற ஆளா நான்? காலேஜ் நண்பன் மனோஜ், கேளம்பாக்கத்தில் ஒரு குடோனில் மேனேஜராக இருக்கிறான். அங்கே ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். உடனே அங்கிளுக்கு போன் போட்டேன்.

“அந்த பிரதருக்கு என்ன வயசு அங்கிள்?”

“என் வயசுதான் இருக்கும்மா.”

“கம்ப்யூட்டர்ல ஸ்டாக் என்ட்ரி போட வருமா? அந்தக் காலத்து ஆளா இருப்பாரோன்னு...”

“ஏன் வராது? நல்லாவே போடுவார்!” — குரலில் சட்டென்று ஒரு ரோஷம்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. “சனிக்கிழமை அவரை ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. மனோஜ் பைக்ல கூட்டிட்டுப் போயிடுவான்” என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை அங்கிள் வந்தார். தனியாக. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, இன் பண்ணி, ஷூ, கையில் ஒரு ஃபைல்.

“எங்க அங்கிள் அவரு?”

“வந்துட்டே இருக்கார்மா.”

பைக்கோடு வந்து நின்ற மனோஜுக்கும் சேர்த்து வடை வாங்கினோம். செங்கல்பட்டு லோக்கல் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. யாரும் எங்களிடம் வரவில்லை. மனோஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

“சாரி சார். எங்க ஓனர் வெயிட் பண்றாரு. இன்னிக்கு விட்டா வேற ஆள் போட்டுடுவாங்க. உங்க ஆளுக்கு குடுத்து வைக்கல, விடுங்க.”

வண்டி உறுமியது. அங்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஸ்டேஷன் போர்டைப் பார்த்துச் சொன்னார்:

“தம்பி, ஒரு நிமிஷம்... அந்த பிரதர் நான்தான்.”

வடை தொண்டையில் நின்றது.

மனோஜ்தான் காப்பாற்றினான். “அதான பார்த்தேன்! ஆள் சேர்த்துவிட வர்றவர் எதுக்கு சார் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு வரணும்?” என்றவன், என் பக்கம் திரும்பினான். “எங்க கோயில்ல பேரு, நட்சத்திரம் எல்லாம் சொன்னாதான் ஐயர் அர்ச்சனையே ஆரம்பிப்பாரு. நீங்க என்னடான்னா சாமிகிட்டயே பேர் போடாத மொட்டை பெட்டிஷன் போடறீங்க!”

அங்கிள் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

“ஆன்ட்டிக்குத் தெரியுமா அங்கிள்?”

“அவதான் இந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டா. ‘இன்னிக்காவது வாயத் தொறங்க’ன்னு சொல்லித்தான் அனுப்பினா. என்னம்மா பண்றது... எடுத்துப் போட்டே பழகின கை. தட்டை நீட்ட வரல.”

பைக்கில் ஏறி உட்கார்ந்து, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். “அன்னிக்கு நீ ஜெபிச்சது கேட்டுடுச்சும்மா. அடுத்த தடவை கொஞ்சம் மெதுவா ஜெபி, என்ன?”

வண்டி வண்டலூர் பக்கம் பறந்துவிட்டது. நான் மீதி வடையோடு நின்றேன்.

கடைசிப் பந்தியில் சாப்பிடுவது தாழ்மை என்று நினைத்திருந்தேன். அது சுலபம். பரிமாறுகிறவனுக்கு ஒரு கெத்து இருக்கிறது — கரண்டி அவன் கையில் அல்லவா? பசியோடு இலை முன்னால் உட்கார்ந்து, ‘எனக்குப் போடுங்க’ என்று சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்ல முடியாமல்தான் ‘ஒரு பிரதரை’ அனுப்பிவைக்கிறோம். பார்வைக்குத் தன்னை மறைத்துக்கொள்ளும் அடக்கம் மாதிரியே இருக்கும். உள்ளே பார்த்தால்... சாட்சாத் பெருமை!

கிருபை தகுதி பார்த்து வருவதில்லை என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்? சரிதான். ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் நேரில் வர வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலி அனுப்ப முடியாது.

அங்கிளுக்கு வேலை கிடைத்ததா என்கிறீர்களா? இன்னும் முடிவாகவில்லை. குடோன் ஓனர் நன்றாகத்தான் பேசினாராம். வயதைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தாராம். “சொல்லி அனுப்பறேன்” என்றிருக்கிறார்.

நேற்று அங்கிள் போன் பண்ணினார். “புதன்கிழமை என் பேரைச் சொல்லியே குறிப்பு குடுக்கப் போறேன்.”

“கிடைக்கலன்னா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே அங்கிள்?”

“தெரியட்டும்மா. அப்பவும் எனக்காகத்தான ஜெபிப்பீங்க?”

இந்த வாரம் கூட்டம் எங்கள் வீட்டில். கமிட்டி மெம்பரை முதல் ஆளாகத் தனியே நிற்கவிடக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். ‘ஒரு சிஸ்டர், கிறிஸ்மஸிலிருந்து தன் அப்பாவோட பேசறதில்ல’ — இது நானே பல புதன்கிழமைகளில் கொடுத்த குறிப்பு. இந்தத் தடவை ‘நான்’ என்று ஆரம்பிக்கப் பார்க்கிறேன்.

பாயில் எதிரேதான் அப்பா உட்கார்ந்திருப்பார்.